பதினோரு மணிப் பால்

ஒத்திகையின்போதுதான் அந்தக் காணொளியை முதன்முதலாகப் பார்த்தேன்.

திரையில் என் அம்மா ஒரு ரப்பர் மரத்தருகே நின்றிருந்தார். தலையில் துண்டு, அதன்மேல் நெற்றி விளக்கு. யாருடையதோ முழுக்கைச் சட்டை. முழங்கால்வரை கறுப்பு பூட்ஸ். கத்தியை மரப்பட்டையில் வைத்து இழுத்தார். வெட்டிய தடத்தில் வெள்ளையாக ஒழுகி, கீழே கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் விழுந்தது. பின்னணியில் என் குழுவைச் சேர்ந்த திலீபனின் குரல் ஆங்கிலத்தில் பேசியது. இவர் கோமளா. விடியுமுன் எழுந்து மரம் வெட்டும் கடைசித் தலைமுறை. எங்கள் பொருள் இந்தக் கைகளிலிருந்துதான் பிறக்கிறது.

என் அம்மா மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பேக்கிங் பகுதியில் லைன் லீடர். நீலச் சீருடை, மார்பில் பெயர் அட்டை, அவருக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். திலீபனுக்கு இது தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தச் சீருடையில் இருந்த அம்மா பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறான்.

அரங்கில் நாங்கள் மூவரும், ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும் ஆளும் மட்டும்தான் இருந்தோம். பவுலா என் பக்கம் திரும்பினாள். அவள் கொலம்பியாக்காரி, காணொளியை எடுத்தவள். கண்கள் கலங்கியிருந்தன.

"உன் அம்மாவின் கைகள்," என்றாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அது வழக்கம்.

நாங்கள் படிப்பது ஒரு பன்னாட்டு முதுகலைப் படிப்பு. மண்ணுக்குக் கேடு செய்யாத புதிய பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கக் கற்பது அதில் பாதி. அந்தப் பொருளை ஒரு தொழிலாக நிறுத்தக் கற்பது மறுபாதி. முதலாண்டு வட ஐரோப்பாவில், பிற்பகலிலேயே இருட்டிவிடும் ஓர் ஊரில் நடந்தது. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் ஒருவரின் ஊருக்குப் போய், பொருளைச் செய்து, கடைசியில் நடுவர்கள் முன் வைக்க வேண்டும். தேர்வாகும் குழுவுக்கு ஓராண்டுக்கு ஒரு சிறு தொழிற்கூடம் கிடைக்கும். நானும் திலீபனும் மலாக்காக்காரர்கள் என்பதால் இங்கே வந்தோம். எங்கள் பகுதிக் குழுக்களுக்கான நாள் சனிக்கிழமை, ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றின் அரங்கில்.

எங்கள் பொருள் ஒரு பலகை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையிலிருந்து பழத்தை உதிர்த்தபின் ஆலைகளில் மலைபோலக் குவியும் வெற்றுக் குலை. அதன் நாரைப் பிரித்து, ரப்பர் பால் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றினால் நெகிழ்ந்து கொடுக்கும் பலகையாகிறது. பெட்டிக்குள் பொருள் உடையாமலிருக்க வைக்கும் வெள்ளை நுரைக்கட்டிகளுக்குப் பதில் அதை வைக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்ததே அம்மாவால்தான். அவருடைய லைனில் தினமும் உடைந்தும் மிஞ்சியும் போகும் நுரைக்கட்டிகளைப் பற்றி வீட்டில் புலம்புவார். மேலாளரிடம் கேட்டு, கழித்துப் போட்டவற்றை எனக்காக மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவற்றின் அளவுக்குத்தான் என் அச்சுகளைச் செய்தேன். அம்மாவின் பங்கு அதுதான். காணொளியில் அது இல்லவே இல்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டபோது நான் செய்வேன், திலீபன் பேசுவான் என்று முடிவானது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. வகுப்பில் என் பெயரைச் சொல்லிக் கேட்டாலொழிய நான் வாய் திறந்ததில்லை.

"இன்னொரு தடவை ஓட்டு," என்றேன்.

திலீபனுக்கு மகிழ்ச்சி. எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். மீண்டும் ஓடியது. இந்த முறை அம்மாவைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தேன். கிளைகளில் இலையே இல்லை. மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. வழிந்த பால் வெட்டுத் தடத்தில் நிற்காமல் பட்டையின்மேல் அகலமாகப் பரவியது. ஓரங்களில் தண்ணீராகப் பிரிந்தது. ஓராண்டாக ரப்பர் பாலோடு கிடக்கிறேன். என் சட்டைகள் எல்லாவற்றிலும் அதன் நாற்றம் இருக்கிறது. ரப்பர் பால் அப்படி ஓடாது.

"அது என்ன பால்?" என்று தமிழில் கேட்டேன்.

"என்னா கேள்வி இது. பால்தான் லா."

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"காலையில." லேப்டாப்பை மூடினான். "சாப்டியா நீ? மூஞ்சியே சரியில்ல."

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்து, காலை நீட்டி விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

"வீடியோ பாத்தேன்மா."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்துட்டியா? அந்தத் தம்பி சனிக்கெழம வரைக்கும் காட்ட மாட்டேன்னுல்ல சொன்னான். எப்படி இருக்கேன்?"

"எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம். நீ லேப்பே கதின்னு கெடந்தியே, அப்ப. எனக்கு ஓஃப் டே. அலோர்காஜா பக்கம் தம்புசாமி அண்ணன் கொஞ்சம் மரம் வச்சிருக்காருல்ல, அங்க கூட்டிட்டுப் போனான்." சிரிக்கத் தொடங்கினார். "கேளேன். வெட்டுறேன், ரெண்டு சொட்டு வருது. அவ்ளோதான். எலையெல்லாம் கொட்டிக் கெடக்கு, மணி பதினொண்ணு, வெயில் மண்டையப் பொளக்குது. மரம் என்னா கொழாயா, தொறந்தா கொட்டுறதுக்கு? விடியக்காலம் வரணும் தம்பின்னு அப்பவே சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் வேணுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. தம்பி ஓடிப்போய் கடையில பெட்டித் தேங்காப்பால் வாங்கிட்டு வந்தான். அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பி கேமராவுக்கு பேட்டரி மாத்துற நேரம் பாத்து அப்படியே ஊத்துறான், கட்டி கட்டியா நிக்குது. நான்தான் சொன்னேன், கொஞ்சம் தண்ணி கலந்து ஊத்து தம்பின்னு. தம்புசாமி அண்ணன் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறாரு. எறும்பு வந்துரும் சீக்கிரம் எடுங்கப்பான்றாரு."

நான் சிரிக்கவில்லை.

"அந்தச் சட்டை யாரோடது?"

"அண்ணன் பொண்டாட்டியோடது. நான் நல்லதாத்தான் போட்டுட்டுப் போனேன். தீவாளிக்கு எடுத்த பஞ்சாபி சூட். பாச்சாங்குல போயி முடியெல்லாம் செட் பண்ணிக்கிட்டேன்." விசிறியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி பாத்துட்டு, ஆன்ட்டி சூப்பரா இருக்கீங்க, ஆனா கொஞ்சம் பழசா ஏதாச்சும் போட்டா நல்லா இருக்கும்னான்."

என் கைகள் சில்லிட்டன. கோபம் வந்தால் எனக்கு முதலில் கைதான் குளிரும்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே."

"எப்படிச் சொல்றது? நம்ம வீட்டுல வந்து ஒக்காந்து நம்ம சோத்தத் தின்ன புள்ள. அந்தப் பொண்ணு வேற வெயில்ல மொகம் செவந்துபோய் கேமராவத் தூக்கிட்டு நிக்கிது. மூஞ்சில அடிச்ச மாரி எப்படி இல்லேன்றது?"

எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஒருவர் நம் வீட்டில் கை நனைத்துவிட்டால் அதன்பின் அவர் எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் எழும்பாது. மாமா அப்படித்தான் தன் காரை ஒருவனுக்குக் கொடுத்தார்; கார் திரும்பி வரவில்லை. திலீபனுக்கு இது தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்துதான் முதலில் சாப்பிட வந்தானோ என்றுகூட நினைத்தேன்.

"சனிக்கெழம மேடைக்கும் வரச் சொல்லிருக்கான்," என்றார் அம்மா. "அதே சட்டையோட. வெளக்கையும் மாட்டிக்கிட்டு."

"நீங்க வரக்கூடாது."

"லீவு போட்டுட்டேன். லைன்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரு என்கூட வர்றாளுங்க."

"அம்மா, அவன் உங்கள வச்சி பொய் சொல்றான்."

"ஒரு நாளைக்கி வேசம் போட்டா என்னா இப்போ? நீ வாயத் தொறக்க மாட்ட. ஒனக்காக அந்தப் புள்ளதான பேசுது."

மறுநாள் மாலை திலீபனைக் கிளேபாங்குக்கு வரச் சொன்னேன். அவனை நான் தனியாகக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. கடற்கரைச் சாலையோரத்துக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து இளநீர் ஷேக் சொல்லியிருந்தான்.

"வீடியோவ எடுத்துரு," என்றேன்.

"வணக்கம் தேவிஸ்ரீ. நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே?"

"விளையாடாத."

ஷேக்கின் மேல் மிதந்த ஐஸ்கிரீமைக் கிண்டினான். "அத எடுத்துட்டா நம்ம கையில என்னா இருக்கு சொல்லு. நார்ப் பலகை. ரெண்டு கிராஃப். அதப் பாத்து எவன் அழுவான்?"

"யாரும் அழ வேணாம்."

"அழணும் லா. வகுப்புல சொன்னாங்களா இல்லையா? முதல்ல மனுஷங்க, அப்புறம் மெட்டீரியல்னு. நீ எழுதி வச்சிக்கிட்டே, நான் செஞ்சேன்."

"மனுஷங்கன்னா எங்கம்மா பேக்கிங் லைன்ல நிக்கிறாங்க. அத எடுத்துக் காட்டு."

"ஃபேக்டரி. ஏர்கோன். யூனிஃபோர்ம். அது அவுங்க நாட்டுலயே இருக்கு. அதப் பாக்கவா இவ்ளோ தூரம் வர்றாங்க?"

"அப்ப உங்கப்பா கடைய எடு."

சிரித்துவிட்டான். பாச்சாங்கில் அவன் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. "எங்க கடையில என்னா இருக்கு? ஆணி, பெயிண்டு. எங்க தாத்தா துணி வியாபாரத்துக்கு வந்தவரு. எங்களுக்கு எஸ்டேட் கதை இல்ல தேவி. ஒனக்கு இருக்கு. அது ஒரு அஸெட். அத வச்சிக்கிட்டு நீ சும்மா இருக்கே. எனக்கு இருந்தா எங்கயோ போயிருப்பேன்."

அஸெட். என் அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டது அஸெட். லயத்து வீட்டின் தகரக் கூரை, அட்டை கடித்த கால், எல்லாம் அஸெட். என் ஷேக் உருகிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.

"ஒங்கம்மா மரம் வெட்டலயா?" என்றான். குரலைத் தணித்துக்கொண்டான். "ஆன்ட்டியேதான் சொன்னாங்க, எஸ்டேட்ட வித்ததுக்கு அப்புறம்தான் ஃபேக்டரின்னு. அப்ப நான் சொன்னது என்னா பொய்?"

"தேங்காய்ப்பால் ஊத்தினே."

"சோறு விளம்பரம் எடுத்தா ஆவிக்குப் பதிலா புகை விடுறான். எல்லாரும் பண்றதுதான்."

"நாம சயன்ஸ் படிக்கிறோம்."

"பாதி சயன்ஸ். மீதி பாதிக்கு நீ வந்ததே இல்ல. நான்தான் வந்தேன், ரெண்டு வருஷமா." அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை கேட்டேன், தேவி நம்ம கதை என்னா, நம்ம கதை என்னான்னு. நீ தரையப் பாத்துக்கிட்டு நின்னே. சரி, மேடைக்கு அந்தச் சட்டை வேணாம். ஆன்ட்டி நல்ல சேலையில வந்து முன்னால உக்காரட்டும். ஆனா வீடியோ போகும். பவுலாவுக்கும் வேணும். ரெண்டுக்கு ஒண்ணு."

"போட்டா நான் நிறுத்துவேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஏளனம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்.

"நீயா?"

பவுலாவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்து அவளை அழைத்தேன். என் அம்மாவைத் தவறாகக் காட்டுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவள் குறுக்கிட்டாள். கோமளா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டுதானே இருந்தார், அவர் சம்மதித்ததை மறுக்க நீ யார் என்றாள். கேள்வியில் வெறுப்பு இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஆங்கிலத்தில் எனக்குக் கோபப்பட வராது. சொல் கிடைப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். தேங்காய்ப்பாலுக்கு வந்து சேருமுன் அவள் அச்சிடும் கடையில் நிற்பதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சனிக்கிழமை அம்மா மயில்நிறச் சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட லைனில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். பூ வைத்திருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் மேடையோரம் என் பலகைகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் நின்றேன். நடுவர்கள் நால்வர். நடுவில் நரைத்த கூந்தலை ஒட்ட வெட்டிய ஓர் அம்மையார்.

திலீபன் நன்றாகப் பேசினான். அவன் எப்போதும் நன்றாகத்தான் பேசுவான். செம்பனையைச் சொன்னான், குப்பையைச் சொன்னான். பிறகு, "ஆனால் இது நாரின் கதையல்ல, ஒரு பெண்ணின் கதை," என்று விளக்கை மங்கச் செய்தான்.

அம்மா திரையில் வந்தார். தலைத்துண்டு, நெற்றி விளக்கு. பதினோரு மணி வெயிலில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்களும் கைதட்டினார்கள். கத்தி இறங்கியது. வெள்ளையாக வழிந்தது. நடுவர் அம்மையார் முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் இருந்தது. என் அம்மாவின்மேல் இரக்கம். அந்த லைனையே நடத்துகிறவர்மேல். தண்ணீர் கலந்த தேங்காய்ப்பாலுக்காக.

நான் நடந்துபோய் லேப்டாப்பை மூடினேன்.

திரை நீலமானது. திலீபன், "சிறிய தொழில்நுட்பக் கோளாறு," என்று சிரித்தபடி சொல்லி, லேப்டாப்பைத் திறக்க வந்தான். நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தேவி. கையை எடு," என்றான் தமிழில், உதடு அசையாமல்.

மேசையிலிருந்த ஒலிவாங்கியை எடுத்தேன். என் மூச்சுதான் முதலில் அரங்கில் கேட்டது.

"அது ரப்பர் பால் இல்லை. தேங்காய்ப்பால்," என்றேன் ஆங்கிலத்தில். "காலை பதினோரு மணிக்கு, இலை உதிர்ந்த மரத்தில் பால் வராது. அதனால் ஊற்றினார்கள். அந்தப் பெண் என் அம்மா. அவர் ரப்பர் மரம் வெட்டுபவர் அல்ல." யாரும் அசையவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "என் அம்மா ரப்பர் மரம் வெட்டுபவர் அல்ல. தொழிற்சாலையில் லைன் லீடர். இந்தப் பலகை அவருடைய கைகளிலிருந்து பிறக்கவில்லை. அவர் கொண்டுவந்த நுரைக்கட்டிகளை அளந்து நான் செய்தேன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. பலகையைத் தூக்கிக் காட்டினேன். எத்தனை முறை கீழே போட்டாலும் உள்ளே வைத்த பொருள் உடையவில்லை என்றேன். மழைக்காலத்தில் கிடங்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கு இன்னும் வழி காணவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டாம் என்று குழுவில் முடிவு செய்திருந்தோம். எல்லாவற்றையும் கோபமாகவே சொன்னேன், பூஞ்சையைக்கூட.

நடுவர் அம்மையார் பூஞ்சையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பதில் சொன்னேன். காணொளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மற்றது உங்கள் குழுவுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது," என்று மட்டும் சொன்னார். பினாங்கிலிருந்து வந்த குழு தேர்வானது.

திரைக்குப் பின்னால் பவுலா சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தத் தேங்காய்ப்பால் பெட்டி மதியச் சாப்பாட்டுக்கு என்று சொன்னான்," என்றாள். திலீபன் எங்களைக் கடந்து போனான்.

நான் வெளியே வந்து பார்த்தபோது முன்வரிசை காலியாக இருந்தது. அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை.

வீட்டில் அவர் சேலையை மாற்றிவிட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு ஆம், இல்லை என்றுகூடப் பதில் வரவில்லை. அவமானத்தில் இருக்கிறார், திலீபன்மேல் கோபமாக இருக்கிறார் என்று எண்ணினேன். விட்டுவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் திலீபன் வந்தான். கையில் ஒரு பை ஆரஞ்சு. இவனுக்கு என்ன தைரியம் என்று வாசலை மறித்து நின்றேன். அம்மா உள்ளிருந்து, "வா தம்பி, ஒக்காரு," என்றார். நான் விலக வேண்டியதாயிற்று.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடமே பேசினான்.

"சாரி ஆன்ட்டி. இப்படி ஆகும்னு நெனைக்கல."

"ம்."

"ஒரு விஷயம் கேக்கணும். நம்ம படிப்ப நடத்துற ஆபீஸ்ல அந்த வீடியோவ அவுங்க பேஜ்ல போடணும்னு கேக்குறாங்க. பாதிதான் பாத்தாங்க, ஆனா ரொம்பப் பிடிச்சிருக்காம். அந்தப் பால் வர்ற எடத்த வேணும்னா வெட்டிடுறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "தேவிக்கு இஷ்டம் இல்ல, தெரியும். ஆனா அதுல இருக்குறது நீங்க. நீங்க சரின்னு சொன்னா போதும் ஆன்ட்டி."

"வெளியில போ," என்றேன்.

"நீ சும்மா இரு," என்றார் அம்மா. சமையலறைக்குப் போய்த் தேநீர் கலக்கி எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கும் முகத்துக்கு நேரே அவர் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. இப்போதும் சரி தம்பி என்பார். உலகம் முழுக்க அம்மாவின் நெற்றி விளக்கு எரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தேத்தண்ணி குடி தம்பி. ஆறுது."

அவன் குடித்தான். அம்மா அவன் எதிரே உட்கார்ந்தார்.

"அழிச்சிரு," என்றார்.

"ஆன்ட்டி—"

"குடிச்சிட்டு அழி. இங்கயே, என் முன்னால. அந்தப் பொண்ணுக்கும் போன் போட்டுச் சொல்லு, அது வச்சிருக்கறதையும் அழிக்கச் சொல்லு."

குரலை உயர்த்தவில்லை. லைனில் இப்படித்தான் பேசுவாராக இருக்கும். நான் பார்த்ததில்லை. திலீபன் கைப்பேசியை எடுத்து, இணையத்தில் சேமித்து வைத்திருந்ததையும் சேர்த்து அழித்தான். திரையை அம்மாவுக்குக் காட்டினான். பவுலாவை அழைத்துப் பேசினான்; அவள் தன்னிடமிருந்ததை அப்போதே அழித்துவிட்டதாகச் சொன்னாள். அவன் எழுந்து செருப்பு மாட்டும்போது அம்மா வாசல்வரை போனார். ஆரஞ்சுப் பையில் பாதியை வேறொரு பையில் போட்டு அவன் கையிலேயே கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

கதவைச் சாத்தியதும், "நல்லா சொன்னீங்கம்மா," என்றேன்.

அம்மா திரும்பினார். நான் எதிர்பார்த்த முகம் அதுவல்ல.

"நீ பேசாத."

"என்னம்மா?"

"அவன் பொய் சொன்னான், சரி. நீ என்னா சொன்ன அங்க? மைக்கப் புடிச்சிக்கிட்டு, எங்கம்மா மரம் வெட்டுறவங்க இல்ல, இல்லன்னு ரெண்டு தடவ. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீசு புரியும்டி. யாரோ என்னையத் திருடின்னு சொன்ன மாரியும், நீ இல்லன்னு சத்தியம் பண்ற மாரியும் சொன்ன."

"அது உண்மைதானே. நீங்க லைன் லீடர்."

"வெட்டினவதான் நான். பதிமூணு வயசுலேருந்து, எஸ்டேட்ட வித்து எங்கள ரோட்டுக்கு அனுப்புற வரைக்கும் வெட்டினேன். எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் அவுங்க மர நெரையையும் சேத்து நான்தான் வெட்டினேன். எம் பாலத் தராசுல வச்சா கணக்கெழுதுற கிராணி ஒரு நாள் ஒரு கொற சொன்னதில்ல. அதுல என்னா அசிங்கம் ஒனக்கு?"

"நான் அசிங்கம்னு சொல்லலம்மா."

"வாயால சொல்லல." மடித்து வைத்த துணிகளில் ஒன்றை எடுத்து உதறி, மீண்டும் மடித்தார். "அவளுங்க ரெண்டு பேரும் அதப் பாத்துட்டு, அக்கா நீங்க இதெல்லாம் செஞ்சிருக்கீங்களான்னு கைதட்டுனாளுங்க. நீ மூடுனதும் கைய மடியில வச்சிக்கிட்டாளுங்க. வர்ற வழி பூரா ஒருத்தியும் பேசல."

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்காகன்னா என்னையக் கேட்டியா? அவன் திருட்டுப் பய. அவனாச்சும் வந்து கேட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓராண்டு உழைப்பு போயிருந்தது. தொழிற்கூடம் போயிருந்தது. வாழ்நாளில் முதன்முதலாக நூறு பேர் முன்னால் வாய் திறந்திருந்தேன். இவர் என்னையே கேள்வி கேட்கிறார்.

"கேட்டா நீங்க என்னா சொல்லிருப்பீங்க?" கத்தினேன். "அவன் மனசு நோகும், ஓடட்டும்னு சொல்லிருப்பீங்க."

"சொல்லிருப்பேன்," என்றார் அம்மா. "அதுக்கென்னா இப்போ?"

துணிகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் மேசையில் கிடந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவினேன். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். உள்ளே அலமாரிக் கதவு ஓங்கிச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.